செத்துப்போன அப்பாவுக்கு ஒரு ஓட்டு

1

இந்தக் கதையை எனோரா கெர்வெல்லா எழுதச் சொல்லி என்னிடம் தரவில்லை. பிரான்சின் கெம்பேர் நகரில் ஒரு மேல்நிலைப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். படித்த நாவல்களைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்தப் பள்ளி மாணவி, ஒன்றை மட்டும் தனியே தள்ளிவைத்து, "இதுல வர்ற சின்னப் பொண்ணு நான்தான்" என்றாள். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் மேலும் கீழும் தலையாட்டினேன். தலையாட்டும்போதே உள்ளே ஒருவன் முதல் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டான். எழுதுகிறவர்களின் புத்தி அவ்வளவுதான்.

2

அவன் தேடிய முதல் வரிகள்:

"எனோராவின் கண்களில் அட்லாண்டிக்கின் சாம்பல்" — அடித்துவிட்டேன். அவள் கண்களை நான் சரியாகப் பார்த்ததேயில்லை.

"பிரான்சில் இலக்கியத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் நடுவர்களாக" — இது கட்டுரை. ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரியவர்களின் பரிசுக்குப் பட்டியலான நாவல்களையே பிள்ளைகளும் படித்து, தங்கள் பங்குக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பார்கள். செப்டம்பரில் பெட்டி வரும். நவம்பருக்குள் அத்தனையையும் படித்தாக வேண்டும். நடுவில் எழுத்தாளர்களை நேரில் பார்க்கலாம். கடைசியில் வகுப்பு ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பும். அந்தப் பிள்ளை, கதவைச் சாத்திய அறைக்குள் போய், மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும். பரிசு வாங்கிய புத்தகத்துக்குச் சிவப்புப் பட்டை சுற்றி, சூப்பர் மார்க்கெட்டில் வெண்ணெய்க்கும் பாலாடைக்கும் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள்.

"எல்லோரும் அழுத புத்தகத்துக்கு அவள் மட்டும் அழவில்லை." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

புத்தகத்தின் பெயர் 'வெள்ளைப் பூட்ஸ்'. எழுதியவர் பெர்த்ரான் வெஸ்லியே, பாரிஸ்காரர். ஒரு கோழி அறுப்பு ஆலை மூடப்படுகிறது. மார்செல் என்ற தொழிலாளி ஆலை வாசலில் மாதக்கணக்காகப் போராடுகிறான், தோற்கிறான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஆறு வயது மகளின் தலையைத் தடவப்போகிறான். அவள் தலையை விலக்கிக்கொண்டு, "அப்பா, உன் கை நாறுது" என்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவன் உயிரோடு இல்லை.

(வெஸ்லியே நன்றாக எழுதுகிறவர். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.)

எனோராவின் அப்பா ழோயெல் அந்த மாதிரி ஓர் ஆலையில்தான் கோழி அறுத்தார். ஆலை மூடிய வருடம், எனோராவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, வெஸ்லியே அந்த ஊருக்கு வந்து இரண்டு வாரம் தங்கினார். பெரும்பாலும் கெர்வெல்லா வீட்டில்தான் சாப்பாடு. சைடர் என்ற ஆப்பிள் மதுவை ஊற்றிக்கொண்டு ழோயெல் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கை நாறுகிறது என்று மகள் சொன்னதையும் ழோயெல்தான் அவரிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனோராவுக்கு இது தெரியும். ஏனென்றால் மேசையின் மறுகோடியில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது.

"கடைசி அத்தியாயத்த பஸ்ல படிச்சுத் தொலைச்சேன். அழுது மானமே போச்சு," என்றான் மாதுராங், வகுப்பில் புத்தகத்தைப் பற்றிப் பேசியபோது.

"அந்தப் பொண்ணு மட்டும் என் கையில கெடச்சா நாலு அறை விடுவேன்," என்றாள் இனேஸ். எனோராவின் பக்கத்து நாற்காலிக்காரி, இரண்டு வருடத் தோழி.

"அது ஆறு வயசுப் பிள்ளைடி," என்றாள் எனோரா.

"ஆறு வயசுல நாமெல்லாம் அப்பன்கிட்ட இப்படியா பேசினோம்? அவதான் கொன்னா. புக்குல தெளிவா இருக்கு."

"அவர் சாகாமலேயும் எழுதியிருக்கலாம்," என்றாள் எனோரா.

மாதுராங் சிரித்துவிட்டான். "வேலை போச்சு, வேற வேலை கெடச்சுதுன்னா? அது நாவலா? எங்க மாமாவுக்குக்கூடத்தான் அப்படி ஆச்சு. அவர் செத்ததாலதான்டி நாம இவ்வளவு நேரம் அவரப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

"ரொம்ப நல்ல பாயிண்ட்," என்றார் ஆசிரியை மதாம் லெ பியான். "எனோரா, நீ என்ன சொல்ற?"

எனோரா புத்தகத்தை மூடிவைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், இனேஸ் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை அப்பாவை எவ்வளவு தூரம் போய்த் தைத்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

[இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழவில்லை என்று அவள் சொன்னதால் எடுத்துவிட்டேன்.]

4

எழுத்தாளர்களைப் பார்க்க வகுப்பே ரென் நகரத்துக்குப் போனது. ஆலை மூடியபின் ழோயெல் பஸ் ஓட்டக் கற்று ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அன்றைக்குக் கம்பெனி அனுப்பிய டிரைவர் அவர்தான். இதை நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு அப்பட்டமாகச் செய்திருக்கமாட்டேன்.

"வணக்கம், மிஸ்யூ கெர்வெல்லா," என்று மாதுராங் ஏறினான். மார்செலுக்காக அழுத பையன். "கொஞ்சம் ஹீட்டர் போடுறீங்களா?"

"போட்டாச்சு தம்பி. உக்காரு."

அரங்கத்தில் எனோரா கை தூக்கினாள். மைக் வந்ததும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு அப்படிச் சொன்னதாலதான் அவர் செத்தாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெஸ்லியே கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல கேள்வி. குழந்தைங்க இருக்காங்களே, அவங்களுக்கு இரக்கம்னா என்னன்னு தெரியாது. உண்மைய அப்படியே சொல்லிடுவாங்க. அந்த உண்மைதான் அவனுக்குக் கடைசி அடி." அரங்கம் கைதட்டியது. இனேஸும் தட்டினாள்.

வெளியே வந்தபோது கையெழுத்து வாங்க வரிசை நின்றது. வரிசையில், டிரைவர் கோட்டோடு, கையில் புதுப் புத்தகத்தோடு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். போஸ்டரில் பெயரைப் பார்த்திருக்கிறார். பார்த்ததும் கடையில் வாங்கிவிட்டார். எனோரா ஓரமாக நின்று பார்த்தாள்.

"யார் பேருக்குப் போடட்டும்?" என்றார் வெஸ்லியே.

"ழோயெல்."

வெஸ்லியே நிமிர்ந்து பார்த்தார், புன்னகைத்தார், எழுதினார்: *ழோயெல் அவர்களுக்கு, அன்புடன்.* பிறகு அடுத்த ஆளின் புத்தகத்துக்குக் கை நீட்டினார். இரண்டு வாரம் உட்கார்ந்து தின்ற மேசையின் சொந்தக்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாவலில் தான் கொன்றுவிட்ட ஆள் எழுந்து வந்து வரிசையில் நிற்பான் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்.

"பிசியா இருக்காரு பாவம்," என்றார் ழோயெல் மகளிடம். புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தார். "சாவகாசமாப் படிக்கணும்."

5

இதுவரை எழுதியதை நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அப்பா சப்புன்னு இருக்காரு. புக்கைப் படிச்சதும் ஏதாவது பண்ணிக்கிட்டாருன்னு வச்சா கதை நிக்கும்" என்றார்.

நான் சண்டை போடவில்லை. ஏனென்றால் வீட்டுக்கு வந்து அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் ஆத்திரமாக இருந்தது. "எழுதுனீங்கன்னா யாரையும் சாகடிச்சிடாதீங்க" என்று எனோரா நூலக வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தைக் கிழித்தேன்.*

* நீங்களும் நாலாம் பகுதி முடிந்தபோது அதைத்தான் எதிர்பார்த்தீர்கள். மறுக்காதீர்கள்.

6

வகுப்பு ஓட்டுப் போட்டது. 'வெள்ளைப் பூட்ஸ்' என்றதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. பிரதிநிதியாக எல்லோரும் எனோரா பெயரைத்தான் சொன்னார்கள்.

"வாயாடி வேற யாரு இருக்கா," என்றாள் இனேஸ். "அவள எதுத்துப் பேசி எவனாவது ஜெயிச்சிருக்கானா?"

"எனக்கு அந்தப் புக்கு பிடிக்கலடி."

"ஒனக்குப் பிடிக்குதா இல்லையான்னு எவன் கேட்டான்? எங்களுக்காகப் பேசு."

விதியும் அதுதான். பிரதிநிதி தன் வாயால் வகுப்பின் விருப்பத்தைப் பேசவேண்டும்.

தீர்ப்பு நாளன்று ழோயெல் சொந்தக் காரில் அவளை ரென்னுக்கு அழைத்துப் போனார். வழியில் நிறுத்தி, சாசேஜை உள்ளே வைத்துச் சுற்றிய கலெத், நம்மூர் தோசை மாதிரி ஒன்று, வாங்கிக் கொடுத்தார். அவள் தொடவில்லை. பாதி தூரம் போனபிறகுதான் கேட்டாள்.

"படிச்சிட்டியாப்பா?"

"முடிச்சிட்டேன்."

"நீ அதுல செத்துப் போற."

"ஆமா, பாத்தேன்." வைப்பரைப் போட்டார். "நல்லா பேசும்மா. ஜெயிக்க வை."

"எதுக்கு? அந்தாளுக்கு உன் மூஞ்சிகூட ஞாபகம் இல்ல."

"இல்லாட்டிப் போகுது. வாசல்ல அத்தனை நாள் நின்னு கத்துனோமே, எந்தப் பிள்ளை எங்களுக்காக அழுதுச்சு? இப்ப உன் கிளாசே அழுதுருக்கு. உயிரோட இருக்கறவனுக்குக் கெடைக்கல. செத்தவனுக்காவது கெடைக்கட்டும்."

எனோரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நான் சொன்னேனே, கை நாறுதுன்னு. அப்ப நீ சிரிச்சேன்னு அம்மா சொன்னாங்க."

"சிரிச்சேன்."

"அப்புறம்?"

ழோயெல் கொஞ்ச நேரம் லாரி ஒன்றின் பின்னாலேயே ஓட்டினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசி அத்தியாயத்தத் தவிர மத்ததெல்லாம் அவர் சரியாத்தான் எழுதியிருக்காரு."

7

எனோரா உள்ளே போனாள். கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. அவள் எனக்கும் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டேன். "அது உள்ள நடந்தது" என்று முடித்துக்கொண்டாள்.

நான் எழுதிப்பார்த்தவை:

(அ) அவள் எழுந்து, "அந்த ஆள் உயிரோட கீழ கார்ல உக்காந்திருக்காரு" என்கிறாள். புத்தகம் தோற்கிறது. அப்பா முதன்முதலாக அவளிடம் கேட்டது கிடைக்காமல் போகிறது.

(ஆ) அவள் எல்லோரையும்விட நன்றாகப் பேசுகிறாள். அந்தச் சிறுமியின் ஒரு வார்த்தை ஒரு மனிதனை எப்படிக் கொன்றது என்று விளக்கி, அதற்குப் பரிசு கேட்டு வாங்குகிறாள். சிவப்புப் பட்டையோடு அவள் சொன்ன அந்த வார்த்தை எல்லாக் கடைகளிலும்

(இ) அவள் வாயே திறக்காமல்

முடிக்க முடியவில்லை. எந்தப் புத்தகம் ஜெயித்தது என்பது பேப்பரில் வந்தது, அதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. முடிவு உங்கள் கையில். நீங்களும் இப்போது நடுவர்தான், மூன்றில் ஒன்றுக்குக் கை தூக்குங்கள். நாலாவது ஒன்று தோன்றினால் அதற்கும் தூக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். எதற்குத் தூக்கினாலும், அவள் கடைசியில் படியிறங்கி அந்தக் காருக்குத்தான் வருவாள். அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார். அவர் முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்வாள் என்பதையும் நீங்களே எழுதவேண்டும்.