அடுப்புக்குச் செய்த மூன்றாவது மேஜை

கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக் கொல்லையில் இருந்த கரியடுப்பு வாங்கிய அன்று எண்பது கிலோ இருந்தது. ஏழு வருடம் கழித்து முந்நூற்றுப் பத்து கிலோ. இடைப்பட்ட காலத்தில் அதற்குள் யாரும் எதையும் போட்டு வைக்கவில்லை. வாரம் தவறாமல் சாம்பலைக்கூட அள்ளிக் கொட்டினார்கள். குடம் மாதிரி வயிறும் கனத்த மூடியுமாக, கெட்டி மண்ணில் சுட்டு இரும்புப் பட்டை அடித்த அடுப்பு அது. வாங்கியவர் வீட்டு மாப்பிள்ளை, இளைய மகளின் கணவர். வாங்கினார் என்பதோடு அவர் வேலை முடிந்தது. ஏழு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் அதில் தீக்குச்சி கிழித்ததாக யாராவது சொன்னால் நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

பற்றவைத்தவள் பெரியவள். கண்ணாடிக்கடைக்காரரின் மூத்த மகள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை. பட்டறையில் அவள் வைத்த பற்றைப் பிரிக்க இன்னொருவர் பிறக்க வேண்டும் என்று முதலாளியே சொல்வார். ஆறு நாள் அங்கே நெருப்பு, ஏழாம் நாள் இங்கே நெருப்பு. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரி போட்டால் கோழி, மீன், சோளம், உருளைக்கிழங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வாட்டி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துக்கொண்டே இருப்பாள். உள்ளே அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, தங்கை, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள். எட்டுப் பேர், எட்டு நாற்காலி. கணக்குச் சரியாக இருக்கிறது என்றே அந்த வீடு நினைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு ஜன்னலில் ஒரு தலை தெரியும். "நாங்க ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்கும். "பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க" என்பாள். அரை மணி கழித்து இன்னொரு தலை வந்து, "உனக்கு ஆறிடுமே?" என்று கேட்கும். அதற்கும் பரவாயில்லைதான். அவள் கைகழுவி உள்ளே வரும்போது தட்டில் கழுத்தெலும்பும் கருகிய சோளமும் இருக்கும். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அவர்களுக்கு எரியவில்லை. நன்றாகத் தூங்கினார்கள்.

மழை வந்தால் அடுப்பைத் தாழ்வாரத்துக்கு நகர்த்த வேண்டும் என்று முதல் வாரமே பேச்சு வந்தது. சக்கரம் வைத்த மேஜை ஒன்று செய்யச் சொன்னார்கள். யாரைச் சொன்னார்கள் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை. பட்டறையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு: லாரிக்காரர் எத்தனை டன் ஏற்றுவேன் என்று சத்தியம் செய்தாலும் நம்பாமல், வண்டியைத் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் சட்டத்தைத் தொடுவாள். வீட்டில் அதைச் செய்யவில்லை. "பெட்டியிலயே எண்பது கிலோன்னு ஒட்டியிருக்கே அக்கா, படிக்கத் தெரியாதா?" என்று மாப்பிள்ளை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரண்டு மடங்குக்குத் தாங்குகிற மாதிரி மரத்தில் செய்தாள். கண்ணாடி வந்த பெட்டிகளின் பலகை, நான்கு சக்கரம், நான்கிலும் பிரேக். இரண்டரை வருடம் நின்றது. அடுப்பு நூற்றறுபதைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை நடுவில் முறிந்து உட்கார்ந்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள். இரண்டாவது மேஜையை ஆங்கிள் இரும்பில் முந்நூறு கிலோவுக்குச் செய்தாள். அது ஏழாம் வருடம் கால்களை நான்கு பக்கமும் விரித்துப் படுத்துவிட்டது.

அன்றைக்கு அந்த வீட்டில் பேசிய பேச்சு இருக்கிறதே! கண்ணாடிக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி மனைவி, "ஊருக்கெல்லாம் நல்லாத்தான் பண்றாங்க" என்று இழுத்தாள். மாப்பிள்ளை பல் குத்திக்கொண்டே, "வெல்டர் வீட்டு மேஜையே விழுந்துச்சுன்னா வெளிய தலைகாட்ட முடியுமா?" என்றார். கை சரியில்லை என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அவள் கையை! அந்தக் கையால் சுட்டதை ஏழு வருடம் தின்ற வாய்கள் அவை.

பெரியவள் மறுநாளே பழைய இரும்புக் கடைக்காரரிடம் போய், வரும் ஞாயிறு அவருடைய தராசைக் கொல்லைக்குக் கொண்டுவரச் சொன்னாள். ஐந்நூறு கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு, சிவப்பு எண்கள் எரியும். பட்டறை ஆட்கள் நான்கு பேர் சங்கிலி போட்டு அடுப்பைத் தூக்கி வைத்தார்கள். முந்நூற்றுப் பத்து. இரும்புக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அந்த நேரம் ஜன்னலில் அம்மா தலை தெரிந்தது. "நேரமாகுமாம்மா? கடையில வாங்கிட்டு வந்தாச்சு. நாங்க ஆரம்பிக்கட்டுமா?" பெரியவள் திரும்பாமலே, பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள். எண் மேலும் கீழும் ஆடி, கடைசியில் முந்நூற்றுப் பத்து கிலோ முந்நூறு கிராமில் நின்றது.

தன் தராசு ஆடினால் இரும்புக் கடைக்காரருக்குப் பொறுக்காது. கோபமாக, "இப்ப என்ன பண்ணினே?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலண்ணே. பரவாயில்லன்னு சொன்னேன்."

எண் முந்நூற்றுப் பத்து கிலோ அறுநூறு கிராம் ஆனது. நான்கு ஆட்களும் அடுப்பைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். இரும்புக் கடைக்காரர் தராசின் பட்டனை அவசரமாக அணைத்தார். "அடுப்புல கோளாறு இல்லம்மா. மேஜையிலயும் இல்ல. இனிமே அந்த வார்த்தைய இங்க சொல்லாதே. என் தராசு ஐந்நூறு வரைக்கும்தான் தாங்கும்" என்றார்.

மூன்றாவது மேஜைக்கு ஒரு மாதம் பிடித்தது. லாரியின் அடிச்சட்டத்துச் சேனலில் நான்கு கால், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு, குறுக்கே இரண்டு சட்டம். முந்தின இரண்டு மேஜைகளிலும் அடுப்பு மேல் பலகையில் உட்கார்ந்திருந்தது. இதில் மேல் பலகையை வட்டமாக அறுத்து, அடுப்பின் வயிறு உள்ளே இறங்கி, கீழ்த்தட்டில் சூடு தாங்கும் செங்கல்லின்மேல் உட்காரும்படி செய்தாள். பாரம் நேராகச் சக்கரத்துக்கு இறங்கும். சக்கரங்கள் பட்டறைத் தள்ளுவண்டியில் இருந்தவை, ஒவ்வொன்றும் சாண் உயரம். அகலம் மட்டும் கொல்லைக் கதவைவிட ஒரு விரல்கடை குறைவு. வலது பக்கம் கீல் வைத்து, மடக்கி நிமிர்த்துகிற மாதிரி ஒரு சின்னப் பலகை. மாப்பிள்ளை அதைத் தட்டிப் பார்த்து, இது எதற்கு என்றார்.

"தட்டு வைக்க."

"யார் தட்டு?"

"என் தட்டு."

மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டரைக்கு ஜன்னலில் தங்கையின் தலை தெரிந்தது. ஆரம்பிக்கட்டுமா என்றாள். பெரியவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். வாய் பழக்கதோஷத்தில் அந்த வார்த்தைக்குத் திறந்தது, திறந்த வாயை மூடி, "வேண்டாம். எனக்கும் பசிக்குது" என்றாள். மேஜை நகர்ந்தது. நான்கு பிரேக்கும் போட்டபடிதான் இருந்தன. தாழ்வாரத்தைத் தாண்டி, மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏறி, கதவில் உரசாமல் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கனன்ற கரியோடு சாப்பாட்டு அறைக்குள் போனது. புகை மட்டும் கதவு வரை வந்து வெளியிலேயே நின்றுகொண்டது. மேஜை மாப்பிள்ளையின் நாற்காலியை அவரோடு சேர்த்து இரண்டடி தள்ளி, அந்த இடத்தில் நின்றது. பெரியவள் பின்னாலேயே ஒரு முக்காலியோடு வந்தாள். பலகையை நிமிர்த்தினாள். அடுப்பிலிருந்து ஒரு முழுத் தொடையை எடுத்துத் தட்டில் வைத்து, ஊதி ஊதிச் சாப்பிட்டாள். ஏழு வருடத்தில் அவள் சாப்பிட்ட முதல் சூடான ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அந்த வீட்டில் முதலில் வந்த வார்த்தை கண்ணாடிக்கடைக்காரருடையது. "தரை கீறிடுச்சே" என்றார். பெற்ற அப்பா!

பிறகு தரைக்குக் கனத்த கல் போட்டார்கள். மேஜை ஞாயிறுதோறும் பன்னிரண்டரைக்கு உள்ளே வருகிறது. அந்த நேரம் பிள்ளைகள் காலை மடக்கிக்கொள்கிறார்கள். விருந்தாளிகள் முதல் தடவை எழுந்து நிற்பார்கள், இரண்டாம் தடவை தட்டை மட்டும் நகர்த்துவார்கள். அடுப்பின் எடை அன்றிலிருந்து கூடவில்லை. குறையவும் இல்லை. ஏறினது ஏறினதுதான், அதை அந்த வீடு சுமந்துதான் ஆக வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு எல்லாரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது அம்மா வழக்கம்போல் தண்ணீர் ஜாடியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் நாற்காலியில் சோளத் தட்டு இருந்தது. எத்தனை வருடமாக அங்கே ஏதாவது ஒரு தட்டுதான் உட்கார்ந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பெரியவளுக்கும் அன்றுவரை தெரியாது. பேரன், "பாட்டி, நீ சாப்பிடல?" என்று கேட்டான். "பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றாள் அம்மா. மேஜையின் வலது சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது.

எல்லார் கையும் தட்டிலேயே நின்றன. பெரியவள் சோளத் தட்டை எடுத்துத் தன் பலகையில் வைத்து, நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டாள். அம்மா உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த ஜாடி காலியாக இருந்தது. மாப்பிள்ளை அதை வாங்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்க எழுந்து போனார்.