ஒரு சுற்று எண்ணிக்கை

மருந்து செலுத்தும் பம்பின் குழாயில் காற்று புகுந்தால் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. ஒரு நோயாளி செத்துப்போனார். அலாரத்துக்கு நிரல் எழுதியவர் என் அக்காவின் கணவர். வேலை போயிற்று. மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அதே கம்பெனியில் லிங்க்கரைப் பார்த்துக்கொள்பவள் நான். நிரலின் துண்டுகளை ஒன்றாகக் கோத்துத் தருவது லிங்க்கர். நிரல் ஓடும்போதுதான் முகவரி தெரியவரும் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அது ஒரு ஸ்டப் வைக்கும். அந்த முகவரிக்குத் தாவ ஒரு சின்னத் துண்டு. முகவரிப் பட்டியல் பக்கத்தில் இருந்தால் ஸ்டப்புக்குப் பன்னிரண்டு பைட் போதும். தள்ளியிருந்தால் பதினாறு. ஆனால் ஸ்டப்புகளே இடத்தை அடைத்துப் பட்டியலைத் தள்ளிவிடும். அதனால் அளவு மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். அந்த மறு எண்ணிக்கையைப் போன வருடம் நான்தான் தூக்கிவிட்டு, ஒரு சுற்றோடு நிறுத்தினேன். வேகம் கூடியதென்று கைதட்டல் வேறு வாங்கினேன். எனக்குத் தலைக்கனம் எப்போதுமே கொஞ்சம் ஜாஸ்தி.

விசாரணையில், "லிங்க்கர்ல தப்பே இல்ல" என்று அடித்துச் சொன்னேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று காலை பார்த்தேன். அத்தான் கடைசியாகச் சேர்த்த செயற்கூறால், முதல் ஸ்டப்புக்கு மட்டும் பட்டியல் எட்டாத தூரம் போயிருந்தது. பன்னிரண்டு பைட் ஒதுக்கிய இடத்தில் லிங்க்கர் பதினாறு எழுதியிருந்தது. மிச்ச நாலு பைட் அடுத்த ஸ்டப்பின் மேல் ஏறியிருந்தது. அடுத்தது அலாரத்தின் ஸ்டப்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சவரம் செய்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார்.

"அத்தான், தப்பு உங்களோடது இல்ல. என்னோடது."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு பைட்டா?"

"ஆமா."

சிரித்தார்.

"நேத்து அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். செத்தவரோட அம்மாகிட்ட நான்தான் காரணம்னு சொன்னேன். 'மன்னிச்சிட்டேன், போப்பா'ன்னாங்க. மூணு வாரத்துல நேத்துதான் தூங்குனேன்."

எனக்கு அவமானமாக இருந்தது, அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அவர் ஒரு காகிதத்தில் அந்த அம்மாவின் விலாசம் எழுதி நீட்டினார்.

"ரெண்டாவது மாடி. அவங்களுக்கு முட்டி வலி. கதவைத் தட்டிட்டுக் கொஞ்சம் நில்லு. மெதுவாத்தான் வருவாங்க."