பையில் இல்லாத பெயர்

தொண்ணூற்றாறாம் ஆண்டு என் மகள் டொறீன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டாள். உக்குவளையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மிளகு வாங்கிப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கினாள். நான் முப்பத்தொரு வருடம் பாடசாலை அதிபராக இருந்தவன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் தராசு பிடித்ததில்லை.

"வேலைய விட்டது உன் இஷ்டம். ஞானரட்ணம்ங்கிற பேர் அந்தப் பையில வரக்கூடாது" என்றேன்.

"சரிங்கப்பா."

பைகளில் வெறுமனே 'மிளகு' என்று அச்சடித்தாள்.

முன்பெல்லாம் இராணுவச் சோதனைச் சாவடியில் பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வந்தாள். அதைப் பற்றி வீட்டில் அவள் பேசியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கண்டிக்குப் போயிருந்தாள். யட்டவத்தையிலிருந்து இரண்டு மூட்டை வரும், முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நல்ல மிளகு தாழும் என்று சொல்லியிருந்தாள். மூட்டை கொண்டுவந்தவன் என்னிடம் படித்தவன். அவன் முன்னால் நான் சாக்குக்குள் கை விடுவதா?

"வச்சிட்டுப் போ" என்றேன்.

"பார்த்தீங்களாப்பா?" என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, "பார்த்தேன்" என்றேன். அன்றே கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் மிளகைப் பைகளில் அடைத்துவிட்டார்கள்.

பத்து நாளில் அலுவிகாரைக் கடைக்காரர் ரவூப் ஹாஜியார் ஒரு பையைத் திருப்பி அனுப்பினார். டொறீன் அதைத் தண்ணீரில் கொட்டினாள். பாதி மிதந்தது. மிளகோடு கலந்திருந்த பப்பாசி விதை.

"பையில பேரே இல்லையே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அதனாலதான்ப்பா நானே போகணும்."

கடை கடையாகப் போய்ப் பைகளைத் திரும்ப எடுத்தாள். அவளோடு போனாலும் நான் எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை. ஹாஜியார் கேட்டது வெளியே எனக்குக் கேட்டது.

"மூட்டையப் பார்த்து எடுத்தது யாரு, மிஸ்?"

"நான்தான் ஹாஜியார். என் பிழை."

பொய் சொன்ன மாணவர்களை வெயிலில் முழங்காலில் நிறுத்தியவன் நான். உள்ளே போனேன். நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

"அவ இல்ல, நான்தான் எடுத்தேன். கை விட்டுப் பார்க்கல. பார்த்தேன்னு அவகிட்ட சொன்னது பொய்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாக்குல கை விட்டா அழுக்காகும்தான் மாஸ்டர். சவுக்காரம் போட்டுக் கழுவினா போயிரும்."

யாரோ சிரித்தார்கள். நான் அசையாமல் நின்றேன்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன்: "அடுத்த தடவை பையில பேர் போடு."

"யார் பேருப்பா?"

"என் பேர்தான். முன்னெழுத்தோட போடு. இந்த ஊர்ல இன்னும் ரெண்டு ஞானரட்ணம் இருக்காங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்போ அடுத்த மூட்டைய நீங்கதான் பார்க்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மூட்டை வந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தேன்.