இன்னொரு தடவை அழட்டுமா

கைதட்டினார்களே, அதைத்தான் நஜ்லாவால் விழுங்க முடியவில்லை... திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தவன், கேமராவுக்குப் பின்னால் நின்றவன், பக்கத்துத் தெரு புஷ்ரா, அத்தனை பேரும் கல்யாண வீட்டில் தட்டுவதுபோலத் தட்டினார்கள், அவளும் முட்டிபோட்டிருந்த இடத்திலிருந்து எழுந்து, முகத்தில் அப்பியிருந்த சாம்பலைக்கூடத் துடைக்காமல் சிரித்தாளே! சிரித்ததோடு விட்டாளா, டைரக்டரைப் பார்த்து, "இன்னொரு தடவை அழட்டுமா தம்பி?" என்று கேட்டாளே, எந்த வாய் கேட்டது அது? படப்பிடிப்பிலிருந்து வீடு திரும்பும் மினிபஸ் பாலத்தில் ஏறியது. கீழே டைகிரிஸ் ஆறு கலங்கலாக ஓடியது, பின்னால் பழைய மொசூல் இடிந்தது இடிந்தபடி கிடந்தது. ஜன்னலோரம் அவள் மகள் ரஃபல். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று காலையில் தொற்றிக்கொண்டு வந்தவள், அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசமாட்டாள், எப்படிப் பேசுவாள், என்ன நினைத்திருப்பாள் பெற்றவளைப் பற்றி...

போகாமலே இருந்திருக்கலாம். யுத்தத்தில் இந்த ஊர் பட்டதை அப்படியே எடுக்கப்போகிறோம் என்றுதானே பக்தாதிலிருந்து வந்த அந்த டைரக்டர் லைத் சொன்னான், அப்படியே என்றால் அப்படியே என்றுதானே அவளும் நினைத்தாள். புருஷன் குண்டடிபட்டுத் தெருவில் கிடப்பானாம், பெண்டாட்டி ஓடிவந்து மையித்தை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கதறுவாளாம். அவள் சொல்லித்தான் பார்த்தாள். "தெருவுக்கு எவ தம்பி ஓடி வந்தா? தலையை நீட்டினாலே சுட்டுருவானுங்க. எங்க வீட்டுக்காரரு நிலவறைக்குள்ளதான் மவுத்தானாரு. நாங்க மூச்சுகூட விடல." லைத் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான், மரியாதை தெரிந்த பிள்ளைதான். "நீங்க சொல்றதத் தலைமேல வெச்சுக்கறேன் சின்னம்மா. ஆனா ஒருத்தி வாயே தெறக்காம உக்காந்திருக்கறத எவன் டிக்கெட் எடுத்துப் பாப்பான்? பின்வரிசைக்காரன் சூரியகாந்தி விதையைக் கொறிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான்." புஷ்ரா வேறு இடித்தாள், "போய் அழேண்டி, நான் அழுதா கழுதை கத்துற மாதிரி இருக்காம், ஒதுக்கி உக்கார வெச்சுட்டானுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதிலும் என்ன தப்பு? அவளே அப்படித்தானே, டிவியில் நிஜமான சண்டைச் செய்தி வந்தால் மாற்றிவிடுகிறாள், ஒற்றை ஆளாக ஊரையே சுட்டுத் தள்ளுகிற படம் வந்தால் தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் பார்க்கிறாள்...

நிலவறையில் என்ன இருந்தது பார்ப்பதற்கு? இருட்டு. மேல் அறையில் துப்பாக்கிக்காரர்கள் நடக்கும் சத்தம். ஷெல் குண்டு விழுந்து சுவர் சரிந்து தாஹிரின் நெஞ்சை அமுக்கியது, அவர் ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை, அவ்வளவுதான், ஒரு மனிதன் போனது அவ்வளவுதான். ரஃபல் வாயைத் திறந்தாள், சின்னப் பிள்ளை அப்போது, வாப்பா என்று பாதிதான் வந்திருக்கும், நஜ்லா பொத்திவிட்டாள், பல் உள்ளங்கையில் பதியும்வரை பொத்தினாள், பிள்ளை உதைத்தது, விடவில்லை. அப்புறம்... அப்புறம் பசித்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? அவர் சட்டைப் பையில் பேரீச்சம்பழம் இருந்தது, எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்து, தானும் தின்றாள். இனிப்பாக இருந்தது. இதை எந்தப் படத்தில் எடுப்பான் லைத்? எடுத்தால் யார் கைதட்டுவார்கள்?

படத்தில் அவள் மடியில் கிடந்தவன் அழகான பையன், நீளநீள இமைகள், அத்தர் வாசனை வேறு. கதையில் அவன் பெயர் சலாம். சலாம் என்றுதான் கூப்பிட்டுக் கதறச் சொன்னார்கள். வாயைத் திறந்தாள், தாஹிர் என்று வந்தது, அடிவயிற்றிலிருந்து வந்தது, நிற்காமல் வந்தது, அப்படியொரு சத்தம் தனக்குள் கிடந்தது அவளுக்கே தெரியாது. மடியில் கிடந்த பையன் அப்புறம் காதைத் தேய்த்துக்கொண்டே, "செவிடாயிட்டேன் சின்னம்மா" என்றான். பெயர் மாறிப்போனதே என்றதற்கு லைத், "பரவால்ல, டப்பிங்ல சலாம்னு மாத்திக்கலாம்" என்றான். மாத்திக்கலாமாம்... அவளும் தலையாட்டினாள். அதுகூடப் போகட்டும். அழும்போது முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி வை என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். தாஹிர், தாஹிர் என்று மண்ணில் அறைந்துகொண்டிருந்த நேரத்திலும் அவள் மறக்கவில்லை, சரியாக விளக்குப் பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தாள். அந்தக் கழுத்தை நினைத்தால்தான் கூசுகிறது. அழுதது நிஜமென்றால் திரும்பியது யார்? நிலவறையில் வராத கண்ணீர் கேமராவுக்கு வருமா? நெஞ்சு லேசாகிவிட்டதே, எத்தனையோ வருஷமாக இல்லாத லேசு, அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கக்கேடு...

"உம்மா."

கேட்கப்போகிறாள், என் வாயைப் பொத்தினாயே, இன்றைக்கு ஊர்கூட்டிக் கத்த உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்கப்போகிறாள்.

"நாளைக்கும் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கன்னுதான் சொன்னாங்க. நான் போகல. எல்லாம் பொய்யிடி அது. நடிப்பு."

"போ உம்மா. என்னையும் கூட்டிட்டுப் போ." ரஃபல் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. "கூட்டத்துல ஒரு ஓரமா நிக்க விட்டாப் போதும். எனக்கும் கத்தணும்."

முன்சீட்டிலிருந்து புஷ்ரா திரும்பி, "பாருடா, மகளும் நடிகையாகப் போறாளாம்!" என்று சிரித்தாள். டிரைவரும் சிரித்தான். நஜ்லாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். பொய்தான், நடிப்புதான், ஆனால்... நிலவறையில் வாயைப் பொத்தினாள், உயிர் பிழைக்க, சரி. வெளியே வந்த பிறகு? அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போனபோது, "கண்ணைத் துடை, ஆளுங்க வர்றாங்க" என்றாள். பெருநாள்களில், "இன்னிக்கு வேணாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் வாப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று வந்து நின்றபோது, சோறு ஆறுகிறது என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருநாள், ஒரேயொரு நாள், அழுடி என்று இவளிடம் சொல்லியிருக்கிறாளா? அதைச் சொல்ல பக்தாதிலிருந்து ஒருவன் கேமராவோடு வர வேண்டியிருந்ததா... இப்போது சொல்லலாமா, இங்கேயே, இந்த பஸ்ஸிலேயே, இவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே...