மடக்கு விசைப்பலகையும் அக்காவின் கையெழுத்தும்

அந்தச் சோபாவைச் செய்தவன் கையில் கிடைத்திருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். உட்கார்ந்த மறுகணம் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. முழங்கால் மேலே, மடி பள்ளத்தில். அந்தப் பள்ளத்தில்தான் மடக்கு விசைப்பலகையை விரித்து வைத்து நான் அடித்தாக வேண்டும். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் ஒரு முக்காலிகூட இல்லை. அறையின் மறுகோடியில் மேலாளரின் மேசை இருந்தது. அதன்மேல் கோப்புகள் குவிந்து கிடந்தன.

"இங்கயே உக்காருவோம்மா. மேசைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீங்கன்னு உக்காந்தா விசாரணை மாதிரி ஆயிடும்," என்றார் மேலாளர். எதைப் பேசினாலும் 'உங்க நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பிப்பார் என்பதால் தொழிற்சாலையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

அக்காவுக்கு முப்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு அப்படியே இருக்கிறது, கொஞ்சம் சத்தம் கூடுதலாக. பிறர் பேசுவதில் மூன்றில் ஒரு சொல்லை உதட்டில் பிடித்துவிடுவாள். மீசைக்காரர் என்றால் அதுவும் கிடையாது. இந்த 'நல்லதுக்குத்தான்' மேலாளர் பெரிய மீசைக்காரர். அதனால் வங்கியோ மருத்துவமனையோ, எங்கே போனாலும் ஆறு வருடமாக நான் கூடப் போகிறேன். கைக்கணினி அவள் உள்ளங்கையில் இருக்கும், விசைப்பலகை என்னிடம். நடுவில் ஒயர் கிடையாது. எதிரில் இருப்பவர் பேசப் பேச நான் அடிப்பேன், அவள் கையில் எழுத்து ஓடும். மடித்தால் மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுதான், கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பேசாமல் காகிதத்தில் எழுதிக் காட்டலாமே என்பவர்கள் என் கையெழுத்தைப் பார்த்ததில்லை. கோழி கிளறியது போல இருக்கும்.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியை. ஐந்து பக்க அறிக்கையை ஆறு வரியாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அக்காவுக்கும் அதே கைதான். வளவளவென்று பேசுகிறவர்களை இரண்டு வரியில் அடக்கி அவளுக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

விஷயம் இதுதான். அது மருந்துத் தொழிற்சாலை. அக்கா பதினான்கு வருடமாக அங்கே புட்டிகளின் லேபிளைச் சரிபார்க்கிறாள். தப்பான லேபிள் ஒன்றுகூட அவளைத் தாண்டிப் போனதில்லை. தீ எச்சரிக்கைக்கு மற்றவர்களுக்கெல்லாம் சைரன், அவளுக்கு மட்டும் மேசைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. பத்து நாளுக்கு முன் ஒத்திகைக்காகச் சைரன் அடித்தார்கள். எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். இவள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் லேபிள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருபது நிமிடம் கழித்துக் காவலாளி வந்து தோளைத் தொட்டார். இப்போது, காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கும் கிடங்குக்குத் தன் விருப்பத்தின் பேரில் போகிறேன் என்று ஒரு கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டால் அவள் கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

மேலாளர் ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன். இரண்டாவது சொல்லிலேயே விசைப்பலகை மடியில் சரிந்து, கீல் மடங்கி, என் விரல்களை வாய்க்குள் வைத்துக்கொண்டது. விரித்தேன். மறுபடியும் கவ்வியது. கைப்பையை அடியில் கொடுத்தேன். கைப்பை மெத்தென்று இருந்ததால் அதுவும் பள்ளமானது. அவரோ நிறுத்துகிற வழியாக இல்லை.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கே நெசமா தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது? காது கேக்காதவங்கள வெச்சுக்கிட்டு எத்தன நாள் நாங்க பயந்துட்டே இருக்கறது? ஒரு சுமைதானம்மா. அந்த செவப்பு லைட்டுல இருந்த பல்ப போன மாசமே கழட்டி புதுக் கட்டடத்துல மாட்டிட்டோம், மூடி மட்டும்தான் இருக்கு, அது வேற விஷயம். கெடங்குனா வாசப்பக்கம். யாராவது கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்துடலாம்."

கீல்மேல் இருந்த கடுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் அடித்தேன்: 'சைரன் அடித்தும் நீ வரவில்லை. ஆபத்தாம். அதனால் வாசல் பக்கம் இருக்கும் கிடங்குக்கு மாற்றம்.'

அக்கா படித்தாள். மேலாளரின் வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் பேசினாரே, இதானா?"

'அதான் சாரம்' என்று அடித்தேன். நடுவில் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததில் விசைப்பலகை தூங்கிப்போயிருந்தது. முதல் இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் காட்டியது. தலையணையில்லாமலே தூங்குகிற ஜென்மம். எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது எனக்கு.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "தப்பு என்னுதுதான்," என்றாள், அவளுக்கே உரிய உரத்த குரலில். "லைட் எரிஞ்சிருக்கும். நான்தான் லேபிள்லயே கண்ண வெச்சிருந்திருக்கேன். நாளைக்கு நெசமா ஏதாவது ஆனா, என்னத் தேடி உள்ள வந்தவங்க உசுருக்கு யாரு பொறுப்பு? எங்க சார் போடணும்?"

மேலாளர் சந்தோஷமாகக் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லைட் எரிஞ்சிருக்கும் என்கிறாளே. பல்பைக் கழற்றிவிட்டதாக அவர் வாயாலேயே சொன்னாரே. 'அது வேற விஷயம்' என்று அவர் சொன்னதும், கிளைச்செய்தியை வெட்டுகிற பழக்கத்தில் நானும் வெட்டிவிட்டிருந்தேன்.

'கையெழுத்து போடாதே' என்று அவசரமாக அடித்தேன். தமிழ் விசையமைப்பில் உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அந்த நேரம் பார்த்துக் கீலுக்குள் எதுவோ விட்டுப்போய், இடப்பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. அக்கா கையில் ஓடியது இதுதான்: 'கயழத்த படத.'

"இது என்னடி, புது மருந்து பேரா?" என்றபடியே பேனா மூடியைத் திறந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நீங்க ஏம்மா குறுக்க வர்றீங்க?" என்றார் மேலாளர்.

"விடுடி. என்னால நீ வேலைக்கு லீவு போட்டதே போதும்," என்றாள் அக்கா.

பேனாவைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டேன். அந்தச் சோபாவிலிருந்து எப்படி எழுந்தேனோ தெரியாது, நேரே அவர் மேசைக்குப் போனேன். கோப்புக் குவியலைக் கேட்காமலே ஓரம் தள்ளி, விசைப்பலகையைப் பலகைமேல் சப்பென்று விரித்து, கீலைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினேன். 'அ' என்று தட்டினேன். அக்கா கையில் 'அ' விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு எதையும் விடவில்லை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பயந்துட்டே இருக்கறது, ஒரு சுமைதானம்மா, பல்ப போன மாசமே கழட்டி, மூடி மட்டும்தான் இருக்கு, கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்துடலாம் வரைக்கும் அவர் பேச்சை அவர் பேசினபடியே அடித்தேன். 'சுமை' வந்த இடத்தில் மட்டும் விரல் தயங்கியது. அதையும் அடித்தேன்.

"அதையெல்லாம் எதுக்கும்மா அடிக்கறீங்க? அது வேற விஷயம்னுதானே சொன்னேன்," என்றார் மேலாளர். அதையும் அடித்தேன்.

அக்கா வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அலுவலகத்தில் நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. சுமை என்ற இடத்தில் அவள் நிறுத்தவில்லை. பல்ப் என்ற இடத்தில் நிறுத்தினாள். அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள்.

"இதெல்லாம் நீங்க சொன்னீங்களா சார்?"

மேலாளர் கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்தார். தடுப்புக்கு அப்பால் எழுந்து நின்றவர்களைப் பார்த்தார். பிறகு வந்து, அக்காவின் மடியிலிருந்த கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"பல்ப இன்னிக்கே மாட்டச் சொல்றேன்," என்றார். அடித்தேன்.

"மாட்டினதும் ஒரு தடவ எரியவிட்டுக் காட்டணும் சார். நான் என் மேசையிலயேதான் வேல பாப்பேன்," என்றாள் அக்கா.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பல்ப் மாட்ட ஆளைக் கூப்பிட மேலாளர் வெளியே போனார். அக்கா என்னைத் தட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் கைக்கணினியில் மேலே மேலே தள்ளிப் போய், நான் முதலில் அடித்த மூன்று சின்ன வாக்கியங்களைப் படித்தாள். பிறகு கீழே வந்து முழுவதையும் படித்தாள்.

"இத அவர் எப்ப சொன்னார்?"

'முதலிலேயே' என்று அடித்தேன்.

"நான் எங்க போடணும்னு கேட்டதுக்கு முன்னாடியா?"

தலையாட்டினேன்.

அவள் குரல் தணிந்து நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன்.

"ஆறு வருஷமா இன்னும் என்னென்ன விட்டிருக்க?"

கைக்கணினியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மேசை கெட்டியாக இருந்தது. எல்லா எழுத்தும் வேலை செய்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது முன்பு ஒருமுறை காதைக் காட்டப் போன டாக்டர்தான். இவளை எதிரில் உட்காரவைத்து, படமெல்லாம் வரைந்து, அரைமணி நேரம் பேசினார். நான் 'பலனில்லையாம்' என்று அடித்தேன். அந்த அரைமணி நேரத்தில் அவர் வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.