நாக்கு தொடாத பெயர்

கொடியின் ஒரு மூலை மடங்கியிருந்தது. தேவகலா குனிந்து நீவிவிட்டாள். கணவரின் உடல்மீது இரண்டு கட்சிக்காரர்கள் இரண்டு கொடி போர்த்தியிருந்தார்கள். இரண்டிலும் அதே அரிவாள், அதே சுத்தியல். போன வருஷம்வரை ஒரே கட்சியாக இருந்தவர்கள்தான். எது மேலே இருப்பது என்று காலையில் அரை மணி நேரம் சண்டை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

பசுபதி கோயிலை ஒட்டிய மின்மயானத்தில் அவர் முறை வந்தது.

"இறந்தவர் பேரு?" என்றார் சன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா.

"காம்ரேட் பிரபாத்," என்றான் இரண்டில் ஒரு கட்சியின் செயலாளர் லோகராஜ்.

"அது கட்சிப் பேரு தம்பி. குடியுரிமைச் சீட்டுல இருக்கிற பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா வார்டு ஆபீஸ்ல மரணத்தைப் பதிய மாட்டாங்க."

லோகராஜ் திரும்பிப் பார்த்தான். பின்னால் நின்ற அறுபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா காலத்தில், கட்சிக்குத் தடை இருந்த பதினாலு வருஷம் தலைமறைவாக இருந்தபோது வைத்துக்கொண்ட பெயர் அது. கட்சி வெளியே வந்த பிறகும் அதுவே ஒட்டிக்கொண்டது. கூட இருந்தவர்கள் மந்திரியானார்கள். இவர் தேர்தலில் நின்றதே இல்லை, நிற்பவர்களுக்குச் சுவரொட்டி ஒட்டினார். சொந்தப் பெயர் தெரிந்த தோழர்கள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளும் இல்லை.

"அண்ணி, சீட்டு எங்க இருக்கு?"

"வீட்டுல. தகரப் பெட்டியில."

"போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள பொழுது போயிடும். நீங்களே சொல்லிடுங்களேன்."

கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷமாகத் தேவகலாவின் நாக்கு அந்தப் பெயரைத் தொட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெற்றவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் தலைமறைவாக இருந்தபோது, தராய்ச் சமவெளியில் ஒரு காவல் நிலையத்தில் அந்தப் பெயரைக் கேட்டு அவளை மூன்று நாள் அடித்தார்கள். கடைசியில் ஒரு கிழ ஏட்டு, "பட்டிக்காட்டுப் பொம்பளை, செத்தாலும் சொல்ல மாட்டா, விடுங்க," என்றார். அப்படித்தான் புருஷன் தப்பித்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கேட்டார். "அம்மா போனப்புறம் அந்தப் பேரைச் சொல்லி என்னை யாருமே கூப்பிடலை. நீ ஒரு தடவை கூப்பிடேன்."

"எதுக்கு, எமனுக்கு வழி காட்டவா? பேசாம கஞ்சியைக் குடிங்க."

அவர் சிரித்துவிட்டுக் குடித்தார். பிறகு கேட்கவில்லை. அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

லோகராஜ் பேனாவை நீட்டினான். "வழக்கம் தெரியும் அண்ணி. சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுத்துடுங்க."

எழுதவும் அவளுக்குத் தெரியும். அவர்தான் கற்றுக்கொடுத்தார். பேனாவை வாங்கிச் சன்னல் திட்டில் வைத்தாள்.

"ஹரிபக்த நிரௌலா," என்றாள்.

"நம்ம தோழர் பேரா? பக்தனா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"வயசு?"

"எழுபத்திரண்டு," என்று லோகராஜ் சொல்லிக்கொண்டிருந்தான். தேவகலா அங்கே இல்லை. உடலருகே போய், இரண்டு கொடிகளையும் காதுப்பக்கம் கொஞ்சம் விலக்கினாள்.

"ஹரிபக்த," என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள்.