ஹார்லெம் திரும்பாத பிப்ரவரி

ஹார்லெம் என்ற டச்சுப் போர்க்கப்பலில் வெள்ளைக்காரர்கள் மேல்தளத்தில் இருந்தார்கள், நாங்கள் அடியில். பாய்லர் அறையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் காஸ்மின். அவன் சிடோஆர்ஜோ பக்கத்து ஜாவாக்காரன், நான் தூரத்துத் தீவிலுள்ள மனாடோவிலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் எதையும் சமைத்துத் தின்போம் என்று அவனுக்கு ஒரே கேலி.

"கப்பல் பூனையைக் காணோம். யோபி, எங்க, வாயைத் தொற பாப்போம்" என்பான்.

ஜப்பானோடு சண்டை வந்தபிறகு கேலிக்கு நேரம் குறைந்தது. சிங்கப்பூருக்குப் பட்டாளம் ஏற்றிப்போன கப்பல்களுக்கு ஹார்லெம் காவலாகப் போய்ப் போய் வந்தது. ஒரு கப்பலைக்கூட நாங்கள் இழக்கவில்லை. பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிய அந்தப் பட்டாளமெல்லாம் பிறகு அப்படியே ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டது.

பிப்ரவரியில் பாலிக்கு வடக்கே ஜப்பான் விமானங்கள் எங்களைப் பிடித்தன. பின்பக்கப் பீரங்கிக் கூண்டில் குண்டு விழுந்து, உள்ளே இருந்த அத்தனை பேரும் கரிந்துபோனார்கள். சுராபாயாவில் இறக்கியபோது யார் வெள்ளைக்காரன், யார் நம்மாள் என்று அடையாளம் தெரியவில்லை. அதனால் எல்லோரையும் ஒன்றாகவே புதைத்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர்கள் ஒரே மேஜையில் சாப்பிட்டதில்லை.

சுராபாயாவிலும் தினமும் குண்டு விழுந்தது. வீட்டைப் பார்க்கப் போன நம் ஆட்களில் பலர் திரும்பவில்லை. நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். கப்பல் மறுபடி கிளம்பும் அன்று காஸ்மினின் பெண்டாட்டி சுகெமி, ஏழு மாத வயிற்றோடு துறைமுக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, வாங்க. மாட்டு வண்டி நிக்குது. எங்க அம்மா வீட்டுக்குப் போயிரலாம்."

"அடுப்பை எரியவிட்டுட்டு எப்படிடி வர்றது?"

"அது வெள்ளைக்காரன் அடுப்பு. அவன் எரிச்சுக்கட்டும்."

"உள்ள வெள்ளைக்காரனா நிக்கிறான்? இந்தப் பூனை தின்னிதான் நிக்கிறான். பாதிப் பேர் ஓடிட்டானுங்க. நானும் வந்துட்டா இவன் ஒத்தையா என்ன பண்ணுவான்?"

சுகெமி என்னைப் பார்த்தாள். "நீங்களும் வாங்களேன் அண்ணே. வண்டியில இடம் இருக்கு."

அதற்குள் சங்கு ஊதிவிட்டார்கள். காஸ்மின் அவள் வயிற்றில் ஒருமுறை கைவைத்துவிட்டு நடந்தான்.

மறுநாள் மாலை சண்டை நடந்தது. அடியில் இருப்பவனுக்குச் சண்டை கண்ணில் படாது, காதில்தான் விழும். எங்கள் பீரங்கிகள் அதிர்ந்துகொண்டே இருந்தன. திடீரென்று தரை எழும்பி முகத்தில் அடித்தது. நீராவிக் குழாய் வெடித்து, காஸ்மினின் கால்கள் தொடைவரை வெந்தன. அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே வந்தபோது கடல் மேல்தளத்துக்கே வந்திருந்தது. நாங்கள் குதிக்கவேண்டியிருக்கவில்லை.

ஒரு மரப் பலகை கிடைத்தது. ஹார்லெம் பின்பக்கமாக இறங்கிப் போவதை அதைப் பிடித்தபடி பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எங்கள் தரப்புக் கப்பல் ஒன்று நேராக வந்தது. காஸ்மின் சட்டையைக் கழற்றி ஆட்டினான்.

"நிக்கும் பாரு. பாத்துட்டான். திரும்புறான் பாரு!"

உண்மையிலேயே திரும்பியது. ஆனால் எங்களுக்காக இல்லை, குண்டுக்குத் தப்ப. விழுந்தவர்களுக்காக எந்தக் கப்பலும் நிற்கக்கூடாது என்று உத்தரவு. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அது கிளப்பிய அலை எங்களைப் புரட்டிவிட்டுப் போனது.

"அடுத்தது நிக்கும்" என்றான்.

விடிந்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. மதியம்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் என் கையிலிருந்து நழுவிப் போனான்.

சுராபாயாவுக்கு வடக்கே இருக்கும் பாவியான் தீவு மீனவர்கள் என்னை எடுத்துக் காப்பாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, கைலி கட்டி, மீன் கூடைக்காரனாக நான் சுராபாயாவுக்குள் நுழைந்தபோது ஊரெங்கும் ஜப்பான் கொடி. சுகெமியை அவள் அம்மா வீட்டில் கண்டேன். மடியில் பெண் குழந்தை. என்னைத் தனியாகப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரொம்ப வலிச்சுதா அண்ணே?"

"மொதல்ல வலிச்சுது."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"கப்பல் நிக்கும், நிக்கும்னு சொல்லிட்டே இருந்தான்."

"நின்னுதா?"

"இல்லம்மா."

அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை.

ரம்ஜான் நோன்புக்கு முந்தின மாதம், வழக்கப்படி ஊரே பூக்கூடையோடு கல்லறைகளுக்குப் போனது. சுகெமியும் ஒரு கூடையோடு என்னைத் தேடி வந்தாள்.

"எல்லாருக்கும் போறதுக்கு ஒரு எடம் இருக்கு. நான் எங்க போகட்டும்?"

எதிரே இருக்கும் மதுரா தீவுக்காரர் ஒருவரின் படகைப் பிடித்தேன். கலங்கரை விளக்கம்வரைதான் போகமுடிந்தது, அதற்கு அப்பால் ஜப்பான்காரனின் ரோந்துப் படகு.

"தாண்டினா சுட்டுருவான் தாயி" என்றார் படகுக்காரர். "தண்ணி வடக்கதான் இழுக்குது. இங்க போடு. அங்க போய்ச் சேந்துரும்."

அது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மதியத்துக்குள் நீரோட்டம் திரும்பிவிடும் என்பதும் தெரியும். நான் சொல்லவில்லை. குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் ரோஜா இதழ்களையும் மல்லிகையையும் தூவினாள். அவை படகைச் சுற்றியே மிதந்தன.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாமா?"

"முடியாது தாயி."

சுகெமி விளிம்பில் குனிந்து, கை எட்டுமட்டும் நீட்டி, பூக்களை வடக்கே தள்ளத் தொடங்கினாள். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. படகுக்காரர் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.